குத்தாத காது

ஆஸ்பத்திரி வராண்டாவில் கிடந்த பெஞ்சில் அருக்காணி உட்காருவதும், எழுந்து கடைசித் தூண் வரைக்கும் போவதும், திரும்பி வந்து உட்காருவதுமாக இருந்தாள். விடியற்காலையில் எஸ்டேட்டிலிருந்து முதல் பஸ்ஸுக்குக் கிளம்பி வந்தவள். கொண்டு வந்த களித் தூக்கு மூடி திறக்காமல் அப்படியே இருந்தது. கார்த்திகை மாதத்து மூடுபனி சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே வருவதும் விலகுவதுமாக இருந்தது. அதற்கும் அன்றைக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை.

"சித்த ஒரு எடத்துல உக்காரு புள்ள. ஆப்பரேசன் நாளைக்குத்தான். இன்னைக்கே இப்பிடி நடந்தீன்னா தரை தேஞ்சு போயிரும்," என்றான் அவள் புருஷன் கருப்பண்ணன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகன் அண்ணாதுரை சிரித்தான். ஆப்பரேஷன் அவனுக்குத்தான். மூன்று பேரில் கவலையில்லாமல் இருந்தவனும் அவன்தான். ஒரு வாரம் பிரட்டும் பாலும் கிடைக்கும், மூட்டை தூக்க வேண்டியதில்லை என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு வந்திருந்தான்.

அவனுக்குப் பதினெட்டு வயது. எண்பத்தாறாம் வருஷத்துக் காப்பிப் பழம் நன்றாகக் காய்த்திருந்தது. பறிப்பு தொடங்கிய மூன்றாவது வாரம், பழத்தோல் உரிக்கும் பல்பர் கொட்டகையில் ஈரக் கொட்டை மூட்டையைத் தோளுக்கு ஏற்றும்போது அடிவயிற்றில் என்னவோ நழுவியது போல இருந்தது. குனிந்து பார்த்தால் தொடை இடுக்கில் எலுமிச்சங்காய் அளவுக்கு ஒரு புடைப்பு. படுத்தால் உள்ளே போய்விடும், எழுந்து நின்றால் வெளியே வந்துவிடும். எஸ்டேட் ரைட்டர் தேவசிகாமணி பார்த்துவிட்டு, "குடலிறக்கம்டா இது. குடலு முறுக்கிக்கிச்சுன்னா உசுருக்கே மோசம்," என்று ஏற்காடு மிஷன் ஆஸ்பத்திரிக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். சேலத்திலிருந்து சர்ஜன் மாதத்துக்கு ஒரு தடவை மலையேறி வருவார். அந்த நாள்தான் நாளைக்கு.

அவனைப் பல்பர் கொட்டகைக்கு அனுப்பியதே அருக்காணிதான். அந்த வயதுப் பையன்கள் எல்லோரும் கவாத்துக் கத்தியைத் தூக்கிக்கொண்டு செடி வெட்டப் போனபோது, என் பையனுக்குக் கத்தி வேலையே வேண்டாம் என்று ரைட்டரிடம் போய் நின்று மன்றாடினாள். தண்ணீரும் மூட்டையும்தானே, வெட்டு விழாது என்று நினைத்தாள். கத்திக்குப் பயந்து அவள் தேடிப் பிடித்துக் கொடுத்த வேலை அவனைக் கத்திக்கே கொண்டு வந்து சேர்த்துவிட்டது. இதை நினைத்தால் அவளுக்குத் தலையைச் சுவரில் மோதிக்கொள்ளலாம் போல இருந்தது.

காலையில் நர்ஸ் சாந்தாமேரி ஒரு அட்டையை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டாள். இழுப்பு உண்டா, வலிப்பு உண்டா, ஊசி ஒத்துக்கொள்ளுமா என்று வரிசையாக. கருப்பண்ணனுக்குப் பதில் சொல்வது என்றால் கொஞ்சம் குஷி. படித்தவர்கள் முன்னால் நிமிர்ந்து நின்று ஒரே பேச்சாகச் சொல்லுவான்.

"உங்க குடும்பத்துல யாருக்காச்சும் ரத்தம் நிக்காமப் போயிருக்கா? பல்லுப் புடுங்குனப்ப, அடிபட்டப்ப?"

"எங்க குடும்பத்துல அப்பிடி ஒருத்தரும் இல்லீங்கம்மா. எங்க பாட்டனுக்கு அருவா உழுந்து முழங்கால்ல எலும்பே தெரிஞ்சுது. சுண்ணாம்ப வெச்சுக் கட்டிக்கிட்டு அன்னைக்கே வேலைக்குப் போயிட்டாருங்க. பங்காளிங்க அத்தன பேரும் அதே தேகந்தான்."

சாந்தாமேரி 'இல்லை' என்று எழுதிக்கொண்டாள்.

கருப்பண்ணன் பொய் சொல்லவில்லை. அவனை மாதிரி ஆட்களிடம் குடும்பம் என்று கேட்டால் பாட்டன், அப்பன், சித்தப்பன், பங்காளி, இவ்வளவுதான் ஞாபகத்துக்கு வரும். கட்டிக்கொண்டு வந்தவளின் பிறந்த வீடு அதில் சேராது. அது கல்யாணம் கருமாதிக்குச் சொல்லி அனுப்புகிற இடம். பெற்ற பிள்ளையின் உடம்பில் ஓடுகிற ரத்தத்தில் பாதி அங்கிருந்து வந்தது என்று எந்த ஆண்பிள்ளைக்குத் தோன்றும்? கேட்டவளும் அவன் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டாள். அவனுக்குப் பின்னால் முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டு நின்றவளை ஒருத்தரும் கேட்கவில்லை. அருக்காணி ஒரு தடவை வாயைத் திறந்தாள். வெறும் காற்றுத்தான் வந்தது.

அதற்கப்புறம் ரத்தச் சோதனை. ஸ்தனிஸ்லாஸ் இருபது வருஷமாக அந்த ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்க்கிறவர். பேச்சு ஓயாத மனிதர். ஊசி குத்துவது தெரியாமல் இருக்கத்தான் பேசுகிறேன் என்று அதற்கு ஒரு காரணமும் வைத்திருந்தார். அண்ணாதுரையின் காது மடலைப் பஞ்சால் துடைத்தவர், விரலால் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன தம்பி, காது குத்தலையா? உங்க ஆளுங்கள்ல குத்தாத காதை நான் இன்னைக்குத்தான் பாக்கறேன்."

"மடி இல்லீங்க சார்," என்றான் அண்ணாதுரை. "தாய்மாமன் மடியில உக்கார வெச்சுத்தானே குத்தணும். எனக்கு மாமனே இல்லியே."

"ஒருத்தர்கூடவா இல்ல?"

"ரெண்டு பேரு இருந்தாங்க," என்று கருப்பண்ணன் குறுக்கே வந்தான். "எங்க கல்யாணத்துக்கு முன்னாலயே போயிட்டாங்க. விசக்காச்சல்."

"ரெண்டு பேருக்குமா?"

"ஆமாங்க. ஒருத்தருக்கப்புறம் ஒருத்தரு. நான் மொகம்கூடப் பாத்ததில்ல."

ஸ்தனிஸ்லாஸ் திரும்பி அருக்காணியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். அவர் காது மடலில் ஊசியால் குத்தி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, அரை நிமிடத்துக்கு ஒரு தடவை உறிஞ்சுதாளால் ரத்தத்தை ஒற்றி எடுத்தார். சிவப்புப் பொட்டு ஒவ்வொன்றும் முந்தினதை விடச் சிறியதாக விழுந்தது. ஆறாவது பொட்டு விழவில்லை. பிறகு விரலில் குத்தி மெல்லிய கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை ஏற்றிக்கொண்டார். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை அதில் ஒரு துண்டை ஒடித்துப் பார்த்தார். ஐந்தாவது நிமிடத்தில் இரண்டு துண்டுக்கும் நடுவே சிவப்பாக ஒரு நூல் இழுபட்டது.

"நூலு வந்துருச்சு பாருங்க. நேரத்துக்கு உறையுது. நல்ல ரத்தம்."

"நாந்தான் சொன்னனே," என்றான் கருப்பண்ணன்.

அந்த நூலைப் பார்த்ததும் அருக்காணிக்கும் நெஞ்சு லேசானது உண்மைதான். சாமி கண் திறந்துவிட்டது என்றுகூட நினைத்தாள். அந்த லேசு வராண்டாவுக்கு வந்து சேரும் வரைக்கும்தான் இருந்தது. பெரியண்ணனுக்கும் முதலில் ரத்தம் நின்றுதானே போனது.

அவர்கள் அப்போது வாழவந்திப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் இருந்தார்கள். பெரியண்ணனுக்குப் பத்தொன்பது வயது. சொத்தைப் பல் குடைகிறது என்று சந்தையில் பல் பிடுங்குகிறவனிடம் போனான். துணியைக் கடித்துக்கொண்டு நடந்தே வீட்டுக்கு வந்தான். ரத்தம் நின்றிருந்தது. மறுநாள் மதியம் கசியத் தொடங்கியது. நான்காம் நாள் வாயில் உறைந்து தொங்கியதைக் கையால் எடுத்து எறிந்துகொண்டே இருந்தாள் அம்மா. ஆறாம் நாள் அவன் போய்ச் சேர்ந்தான். மூன்று வருஷம் கழித்துச் சின்னண்ணன் காலில் கவாத்துக் கத்தி பட்டது. காயம் மூடும், அப்புறம் திறந்துகொள்ளும். அதுவும் பத்து நாள்தான். அதற்கப்புறம் அப்பா அந்த எஸ்டேட்டை விட்டே குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். புது இடத்துக்கு வந்த அன்றைக்கு மகள்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொன்னார்: யார் கேட்டாலும் காய்ச்சல் என்று சொல்லுங்கள், ரத்தம் என்ற பேச்சே வரக்கூடாது, அவன்கள் பேரையும் எடுக்காதீர்கள், வாயில் பேர் வந்தால் கதையும் கூடவே வந்துவிடும். அக்கா கண்ணாயியும் அருக்காணியும் அவர் கையில் அடித்துச் சத்தியம் செய்தார்கள்.

அண்ணாதுரைக்குப் பால் பல் விழுந்தபோது ஒன்றரை நாள் கசிந்தது. கீழே விழுந்தால் ஊதா நிறத்தில் ரத்தம் கட்டிக்கொண்டு மாதக்கணக்கில் இருக்கும். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போடுவாள், கேட்டவர்களிடம் பையனுக்கு மெல்லிய தோல் என்பாள். மாமன் மடி இல்லாததால் காது குத்தவில்லை. மாமனைக் கொன்றது எதுவோ, அதுவே மருமகன் காதையும் காப்பாற்றி வைத்திருந்தது.

"ஏனுங்க, நான் கிளியூருக்கு ஒரு எட்டுப் போயி அக்காவப் பாத்துட்டு வந்தர்றேன்," என்றாள்.

"இப்பவா? பையன இங்க விட்டுப்போட்டு?"

"கல்யாண ஊடு. ஒரு வாட்டியாச்சும் தலையக் காட்டலீன்னா பேச்சு வரும். நீங்க இருக்கறீங்கல்ல."

அவன் அடுத்த வார்த்தை பேசுவதற்குள் படியிறங்கிவிட்டாள்.

கிளியூரில் கண்ணாயி வீட்டு வாசலில் அரிசி மாவு சலித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய ஒரே மகள் கலாவதிக்கு இன்னும் ஒன்பது நாளில் கல்யாணம். மாப்பிள்ளைக்கு அடிவாரத்தில் லாரிப் பட்டறையில் வேலை. மார்கழி பிறப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்று இரண்டு வீட்டிலும் பறந்துகொண்டிருந்தார்கள். திண்டாடித் தேடிக் கிடைத்த இடம். கலாவதி காப்பி கொண்டுவந்து சித்திக்கு நீட்டினாள்.

"சோத்தாங்கையில குடுடி," என்று கண்ணாயி அதட்டினாள். "நொட்டாங்கையில நீட்டறா பாரு. மாமியா ஊட்டுல இப்பிடி நீட்டுனீன்னா காப்பி மூஞ்சிக்கு வரும்."

கலாவதி சிரித்துக்கொண்டே டம்ளரைக் கை மாற்றிக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அருக்காணி காப்பியைக் கீழே வைத்துவிட்டு நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். கண்ணாயி சலிப்பதை நிறுத்தவே இல்லை.

"காச்சல்னுதானே மாப்ள சொன்னாரு. சரியாத்தானே சொல்லியிருக்கறாரு."

"அவரு தெரியாமச் சொல்றாருக்கா. நான் தெரிஞ்சு நிக்கறனே."

"இருவது வருசமா நின்னியே. இன்னைக்கென்ன புதுசாக் காலு நோவுது?"

"இன்னைக்கு வரைக்கும் அவன் வவுத்தக் கத்தியில கிழிக்கறேன்னு யாரும் சொல்லலியே."

"டெஸ்டு நல்லா வந்துச்சுன்னு நீதான் சொல்ற. படிச்சவங்க பாத்துச் சொன்னா நமக்கென்ன?"

"பெரியண்ணனுக்கும் மொதல்ல நின்னுதானே போச்சு. சந்தையில இருந்து நடந்துதானே வந்தான். சாயந்திரம் களி கரைச்சுக் குடிச்சான். நீதானே கரைச்சுக் குடுத்த."

சல்லடை நின்றது. கண்ணாயி கையிலிருந்த மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத ஏன் இப்ப எடுக்கற," என்றாள். குரல் இறங்கிவிட்டது. "ஏ அருக்காணி, நான் சொல்றதக் கேளு. ஆப்பரேசன் வேண்டாம்னு சொல்லலை. தள்ளிப் போடு. நாளு சரியில்ல, பையனுக்குச் சளின்னு எதையாச்சும் சொல்லு. ஒம்பது நாளு. கலாவதி கழுத்துல தாலி ஏறட்டும். அப்புறம் நீ ஊரக் கூட்டி மேளம் அடிச்சுச் சொல்லு."

"அந்த டாக்டரு மாசத்துக்கு ஒருக்காத்தானே வர்றாரு. அதுக்குள்ள கொடலு முறுக்கிக்கிச்சுன்னா? அப்ப எவன் கைக்குக் கெடைக்கறானோ அவன் அறுப்பான். அங்க நான் யாரக் கூப்புட்டுச் சொல்லுவேன்?"

"முறுக்கிக்கும்னு எழுதியா வெச்சிருக்குது? அடிவாரத்துக்காரங்க காதுல இது உழுந்தா என்ன ஆகும்னு ரோசன பண்ணு. இந்த ஊட்டுப் பொண்ணு வவுத்துல ஆம்பளப் புள்ள தங்காதுன்னு ஒரு பேச்சு வந்துட்டா, அப்புறம் எவன் வந்து கட்டுவான்? நீயும் நானும் மறைச்சுத்தானே வாழ்ந்தோம். அவ மட்டும் ஏன் சந்தியில நிக்கணும்?"

"நாம மறைச்சதாலதானே இவன் இப்பக் கத்திக்குக் கழுத்த நீட்டிக்கிட்டுக் கெடக்கறான்."

"அப்பன் கையில அடிச்சுக் குடுத்திருக்கறோம்," என்றாள் கண்ணாயி. "எனக்கு இருக்கறது ஒண்ணே ஒண்ணு."

"எனக்கும் ஒண்ணுதான்க்கா," என்றாள் அருக்காணி.

காப்பி ஆடை கட்டிப் போயிருந்தது. அக்கா மீது கோபப்படத்தான் நடந்து வந்தாள் போலிருக்கிறது, அந்தக் கோபமும் வரவில்லை. கண்ணாயி தப்பாக எதையும் கேட்டுவிடவில்லை.

ரோட்டு வரைக்கும் கலாவதி கூட வந்தாள்.

"எல்லாம் காதுல உழுந்துச்சுங்க சின்னம்மா," என்றாள் கலாவதி.

அருக்காணி நடையைக் குறைத்தாள்.

"நான் பொறந்தப்பப் பொட்டப்புள்ளைன்னதும் எங்கம்மா சக்கரை வாங்கி லைன் ஊடுகளுக்கெல்லாம் குடுத்துச்சாமா. அதிசயமாச் சொல்லுவாங்க. எனக்கு அப்புறம் பெத்துக்கவே இல்ல. ஏன்னு இப்பத்தான் தெரியுது."

"கண்ணு..."

"எனக்கும் ஆம்பளப் புள்ள பொறந்தா வருமா?"

"தெரியலியே சாமி. எனக்கு வந்துச்சே."

கலாவதி வேலியோரத்துச் செடியில் ஒரு இலையைப் பிய்த்து நாலாக மடித்தாள். "தம்பிக்கு நாளைக்கு எத்தன மணிக்கு?"

"ஒம்பது மணிக்குன்னாங்க."

வளைவில் பஸ் சத்தம் கேட்டது. சொல்லிவிடுங்கள் என்றும் கலாவதி சொல்லவில்லை, சொல்லாதீர்கள் என்றும் சொல்லவில்லை. பஸ் ஏறி ஜன்னல் வழியாகப் பார்த்தபோது அந்த இலையை இன்னும் சிறியதாக மடித்துக்கொண்டு நின்றாள்.

அன்றைக்கு ராத்திரி அருக்காணி கண் மூடவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதே இல்லை. காலையில் வார்டில் அண்ணாதுரைக்கு வெறும் வயிறு. பக்கத்துக் கட்டிலில் ஒரு ஆள் இட்லி சாப்பிடுவதை முறைத்துக்கொண்டிருந்தான். எட்டு மணிக்கு வார்டு ஆள் லூர்துராஜ் ஒரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீரும் சவரக் கத்தியும் எடுத்துக்கொண்டு வந்தான். அடிவயிற்றில் முடி எடுக்க வேண்டுமாம்.

"அம்மா, நீ வெளிய போ," என்றான் அண்ணாதுரை வெட்கத்தோடு.

லூர்துராஜ் காகித உறையைப் பிரித்துப் புது பிளேடைக் கத்தியில் பொருத்தினான். அருக்காணி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு திரும்பி நடந்தாள். வராண்டா முடிவில் இருந்த ரத்தப் பரிசோதனை அறைக்குப் போகும்போது அவள் கால் ஓடியது என்றுதான் சொல்ல வேண்டும். ஸ்தனிஸ்லாஸ் குழாயடியில் கண்ணாடித் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"சார், அது காச்சல் இல்லீங்க."

அவர் குழாயை மூடினார். எது என்று கேட்கவில்லை. நேற்று மத்தியானத்திலிருந்து அவருக்கும் அது நெருடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

"ரெண்டு பேருக்குமே ரத்தமாம்மா?"

அவள் தலையசைத்தாள். ஈரக் கையோடு அவர் வார்டுக்குப் போன வேகத்தை அதற்கு முன்னால் யாரும் பார்த்ததில்லை. "லூர்து, பிளேடக் கீழ வை," என்று வாசலிலிருந்தே சொன்னார். அப்புறம்தான் டாக்டரைத் தேடிப் போனார்.

ஆஸ்பத்திரியிலேயே இருக்கிற டாக்டர் ஜெயமேரி அருக்காணியை நாற்காலியில் உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. கருப்பண்ணன் ஒன்றும் புரியாமல் வந்து பின்னால் நின்றான். கதவோரம் லூர்துராஜ் கிண்ணத்தோடு நின்றான். நேற்று புருஷனுக்குப் பின்னால் அவள் நின்ற மாதிரி, இன்றைக்கு அவளுக்குப் பின்னால் புருஷன். அவன் முகத்தைப் பார்க்காமல் பேச முடிந்ததே, அந்த மட்டுக்கும் நல்லது என்று இருந்தது அவளுக்கு. பல்லையும் கத்தியையும் சொன்னாள். பால் பல் கசிந்ததைச் சொன்னாள். அப்பா கையில் அடித்த சத்தியத்தைச் சொன்னாள். டாக்டர் ஒரு தாளில் பெண்களுக்கு வட்டமும் ஆண்களுக்குக் கட்டமுமாகப் போட்டுக்கொண்டே வந்தார். இரண்டு கட்டத்தின் மேல் குறுக்குக் கோடு விழுந்தது.

"டெஸ்டு நல்லா இருந்துச்சுன்னாங்களே டாக்டரம்மா," என்றான் கருப்பண்ணன்.

"இங்க பாக்கற டெஸ்டுல மோசமா இருந்தாத்தான் தெரியும். கொஞ்சமாக் குறைஞ்சிருந்தா எல்லாம் சரியா இருக்கற மாதிரியே வரும். கத்தி வெச்ச மறுநாள்தான் ஆரம்பிக்கும். அதுக்குத்தான் வாயத் திறந்து கேக்கறோம்."

"அது அவங்க ஊட்டுச் சமாச்சாரமுங்களே. என்ற பையனுக்கு எப்பிடி?"

"இது பொம்பளைங்க வழியாத்தாங்க வருது. அவங்களுக்கு ஒண்ணும் பண்ணாது, பெத்த ஆம்பளப் பிள்ளைக்கு வரலாம்." டாக்டர் அருக்காணி பக்கம் திரும்பினார். "கூடப் பொறந்தவங்க வேற யாரும்மா?"

"ஒரு அக்காங்க."

"அவங்களுக்குப் பிள்ளைங்க?"

பேனா தாளின் மேல் காத்துக்கொண்டிருந்தது. இத்தனையும் சொன்னவளுக்கு இந்த ஒன்றைச் சொல்லத்தான் மனசு வரவில்லை. இல்லை என்று சொல்லிவிட்டால் போதும். ஆனால் நேற்று இதே கட்டடத்தில் 'இல்லை' என்று எழுதிய ஒரு வார்த்தை பிளேடு வரைக்கும் வந்துவிட்டதே.

"ஒரு பொண்ணுங்க. கலாவதி. எட்டு நாள்ல கல்யாணம்."

டாக்டர் ஒரு வட்டம் போட்டு அதற்குள் கேள்விக்குறி எழுதினார். "அந்தப் பொண்ணையும் என்னை வந்து பாக்கச் சொல்லுங்க. கல்யாணத்த நிறுத்த வேண்டியதில்ல. பிள்ளை பெறும்போது தெரிஞ்சு பெறணும், அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கதவோரம் நின்ற லூர்துராஜ் நல்ல மனிதன். காதில் விழுந்ததை வயிற்றில் வைத்துக்கொள்ளத் தெரியாத நல்ல மனிதன். சாயந்திர பஸ் அடிவாரம் போய்ச் சேர்வதற்குள் செய்தியும் போய்ச் சேர்ந்தது.

கருப்பண்ணன் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு மரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டான். அருக்காணி பக்கத்தில் போய் நின்றாள். திட்டுவான், அடித்தாலும் அடிப்பான் என்று நினைத்தாள்.

"எவ்வளவு தெம்பாச் சொன்னேன்," என்றான். "எங்க குடும்பத்துல ஒருத்தரும் இல்லைன்னு. என்ற வாயால சொல்ல வெச்சுப்போட்டியே புள்ள. அத நம்பித்தானே அறுத்திருப்பாங்க. என்ற மவன நானே கொண்டுபோயி..."

அவன் அழுது அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. அடித்திருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அண்ணாதுரையின் ரத்தத்தைச் சென்னைக்கு அனுப்பினார்கள். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. ரத்தம் உறைவதற்கான சத்து நூறு பங்கு இருக்க வேண்டிய இடத்தில் அவனுக்கு எட்டுப் பங்குதான் இருந்ததாம். அதுவரைக்கும் குடல் வெளியே வராமல் இருக்க இடுப்பில் ஒரு பெல்ட் போட்டுவிட்டார்கள். கருப்பண்ணன் அவளிடம் களிக்கும் குழம்புக்கும் மட்டும்தான் பேசினான். பொங்கல் கழித்து சமவெளியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆப்பரேஷன் என்று ஆனது. ரத்தத்திலிருந்து எடுத்த மருந்தை முதலில் ஏற்றிக்கொண்டு அறுப்பார்கள் என்று ஜெயமேரி கடிதம் கொடுத்தார்.

அங்கேயும் ஒருத்தர் அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு, "உங்க குடும்பத்துல யாருக்காவது..." என்று கருப்பண்ணன் முகத்தைப் பார்த்து ஆரம்பித்தார்.

"என்னையக் கேக்காதீங்க," என்றான் அவன். "அவளக் கேளுங்க."

நகர்ந்து அவளுக்கு இடம் விட்டு நின்றான். ஏழு வாரத்துக்குப் பிறகு புருஷன் தன்னைப் பற்றிப் பேசிய பேச்சு அது. அருக்காணிக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் ஒரு தடவைகூடத் தடுமாறாமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

பதினாறு நாள் கழித்து அண்ணாதுரை பாதி உடம்பாகத் திரும்பி வந்தான். வந்த மறுநாளே தழும்பை லைன் முழுக்கக் காட்டிவிட்டான். ஏற்காட்டில் ஸ்தனிஸ்லாஸ் இப்போதெல்லாம் அறுவைக்கு வருகிற ஒவ்வொருத்தரிடமும் காதைத் துடைத்துக்கொண்டே, "தாய்மாமனுங்க எல்லாம் சௌக்கியமா?" என்று விசாரிக்கிறாராம். அவரைத் தெரியாதவர்கள் பெண் கேட்க வந்தவர் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

இதெல்லாம் நல்லபடியாக முடிந்த பாதி. மீதியும் இருக்கிறது. அடிவாரத்துக்காரர்கள் யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். மார்கழி வந்தது, தை வந்தது, சொல்லவே இல்லை. கண்ணாயி தங்கை வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அருக்காணி இரண்டு தடவை கிளியூருக்குப் போனாள், இரண்டு தடவையும் கதவு சாத்தியிருந்தது. உள்ளே உரல் சத்தம் மட்டும் கேட்டது.

மாசி பிறந்தபோது கடைசிப் பறிப்புக்கு ஆள் போதவில்லை என்று ரைட்டர் தேவசிகாமணி கிளியூரிலிருந்து பெண்களைக் கூப்பிட்டார். அவர்களோடு கலாவதியும் வந்தாள். ரைட்டருக்கு என்ன தெரியும், அருக்காணிக்கு அடுத்த வரிசையையே அவளுக்குக் கொடுத்துவிட்டார். மூன்று நாள் இரண்டு பேரும் ஒரே செடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று பறித்தார்கள். இலைக்கு நடுவே கை தெரியும், முகம் தெரியாது. ஒரு பேச்சு இல்லை. அருக்காணி பறித்த பழத்தில் பாதி கீழே விழுந்தது. மேஸ்திரி இரண்டு தடவை சத்தம் போட்டார்.

நாலாம் நாள் கலாவதி கிளையை வளைத்துப் பிடித்தபடி கேட்டாள்.

"டாக்டரம்மாவப் போயிப் பாத்தனுங்க சின்னம்மா. அந்தத் தாளக் காட்டுனாங்க. ரெண்டு கட்டத்துல வெறுங்கோடு போட்டிருக்குது. எனக்கு ரெண்டு மாமன் இருந்திருக்கறாங்க, பேருகூடத் தெரியாது. அம்மாகிட்டக் கேட்டா எந்திரிச்சுப் போயிருது. நீங்களாச்சும் சொல்லுங்க."

அருக்காணி கூடையைக் கீழே இறக்கி வைத்தாள். இருபத்து மூன்று வருஷமாக வாயில் எடுக்காத பேர். தூக்கத்தில்கூட வந்துவிடக் கூடாது என்று பயந்த பேர். நாக்கு அதைத் தேடி எடுக்கக் கொஞ்ச நேரமானது.

"சின்னவன் பேரு பொன்னுரங்கம்," என்றாள். "பெரியவன் நல்லமுத்து."

செடிக்கு அந்தப் பக்கம் கலாவதி இரண்டு பெயரையும் ஒரு தடவை மெல்லச் சொல்லிப் பார்த்தாள். பிறகு எட்டாத கிளைக்குக் கையை நீட்டினாள். அருக்காணி அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நல்லமுத்தும் உன்னாட்டமேதான் சாமி," என்றாள். "நொட்டாங்கையிலதான் பறிப்பான்."